ஒரு ‘எல்’ படுத்திய பாடு

வாடிப்பட்டி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. கடைக்கு உயிரே ஒரு லேப்டாப்தான். 2015இல் வாங்கியது. இன்டெல் ஐ3-4005யு புராசசர், 4 ஜிபி மெமரி (ரேம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 8.1உடன் வந்ததை அப்புறம் 10க்கு ஏற்றினேன். ஏற்றிய நாளிலிருந்தே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

சாதாரண நாளில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஏதாவது தேர்வுக்குக் கடைசித் தேதி என்றால்தான் வண்டவாளம் வெளியே வரும். அப்படி ஒரு நாள் குட்லாடம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். போட்டோவைக் கேபி கணக்கில் சுருக்க ஒரு விண்டோ, மார்க் ஷீட் பிடிஎஃப் ஒன்று, குரோமில் ஏழெட்டு டேப். அவ்வளவுதான் திறந்திருந்தது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓடிபி அவள் போனுக்கு வந்து, அவள் சத்தமாக வாசித்து, அதை அடிக்கிற பெட்டி திரையில் தெரிவதற்குள் ஓடிபியின் காலம் முடிந்துபோனது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்தாள். அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் மச்சினனிடம் போனில் கேட்டேன். “தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க மாமா” என்றான். அவனுக்கு லேப்டாப்பைக் கம்பெனியே கொடுக்கிறது. சொல்லத்தான் செய்வான்.

கடைக்குப் போய் மெமரி வாங்குவதற்கு முன்னால், குறை மெமரியில்தான் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. பலர் அங்கே தெரிகிற சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விண்டோஸ் சும்மா இருக்கும்போதுகூட மெமரியை ஓரளவு நிரப்பியே வைத்திருக்கும் என்பதால் அந்தச் சதவீதம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே ‘கமிட்டட்’ என்று இருக்கும் எண். ஒரு காலை நேரத்து வியாபாரம் முழுவதையும், அதாவது குரோம், பிடிஎஃப், போட்டோ, வேர்டு எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 6.7 என்று காட்டியது. மெமரியோ பயன்பாட்டுக்கு 3.9தான் இருக்கிறது.

திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கு வேண்டும் என்று பதிந்து வைத்திருக்கும் இடம் 6.7 ஜிபி. கையில் இருப்பது நாலுக்கும் குறைவு. மிச்சத்தை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பேஜ் ஃபைலில் தள்ளி வைக்கிறது. மேசையில் இடம் இல்லாமல் பாதித் தாள்களைப் பரணில் போட்டுவிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் ஏணி வைத்து ஏறி இறங்குகிற கதை. அந்த ஏணி ஒரு பழைய சுழலும் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததன் ரகசியம் இதுதான்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது சுழலாத வேகமான டிஸ்க், போட்டால் பறக்கும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் என் நிலைமையில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் ஏணிக்குப் பதில் லிஃப்ட் வைத்த மாதிரி. பரணுக்குப் போய் வருவது நிற்காது. கமிட்டட் எண் கையில் உள்ள மெமரிக்குள் அடங்கினால் முதல் காசை எஸ்எஸ்டிக்குக் கொடுப்பேன். தாண்டிப் போனால் மெமரிக்கு. இரண்டுக்கும் காசு இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

அதே திரையில் இன்னும் மூன்று விஷயம் கிடைத்தது. வேகம் 1600. வடிவம் எஸ்ஓடிம், அதாவது லேப்டாப்புக்கான குட்டை மெமரி. மெமரி சொருகும் ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது. இந்தப் புராசசர் மொத்தம் 16 ஜிபி வரை தாங்கும். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் 8 போட்டால் 12 ஆகிவிடும். போதும், தாராளம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மெல்லிசாக வரும் பல புது லேப்டாப்புகளில் மெமரியை போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள். அங்கே ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை இல்லை. ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் பஸ் ஏற வேண்டாம்.

சரி, திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், சாப்பாட்டுக்கு அப்புறம். விண்டோஸ் 10இல் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்துகொள்ள வசதியாக ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுக்க அணையும். அப்படி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை இருபது எண்ணும் வரை அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் வடிந்துவிடும்.

அடுத்தது ஸ்டாடிக். நம் உடம்பில் சேரும் மின்னூட்டம் நமக்குத் தெரியாமலேயே சிப்பைக் கெடுத்துவிடும் என்பது நிஜம்தான். கையில் பட்டை கட்டிக்கொள், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக்கொள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து அடுப்படி வரை பிவிசி குழாய். அதைத் தொட்டு என்ன பிரயோஜனம்? வெட் கிரைண்டர் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டீல் உடம்பு, மூன்று முள் பிளக், எர்த் ஒழுங்காக இருக்கும் பாயின்ட். சுவிட்சை அணைத்தே வைத்து, பிளக்கை மட்டும் சொருகி, ஸ்டீலைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டன் லுங்கியோடு, தரையில், வெறுங்காலோடு. நடுவில் எழுந்து போய் வரும்போதெல்லாம் மறுபடியும் கிரைண்டர் தரிசனம். “அதுக்கு என்ன பூஜையா போடுறீங்க?” என்று என் மனைவி கேட்டாள்.

ஸ்க்ரூக்களுக்கு அவளுடைய இட்லித் தட்டு. குழிக்கு ஒரு ஸ்க்ரூ, லேப்டாப்பின் அடியில் எந்த மூலையிலிருந்து எடுத்தேனோ தட்டிலும் அதே மூலையில். இது விளையாட்டு இல்லை. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் உள்ளே போர்டில் போய்க் குத்தும். டிரைவர் நுனியும் சரியான அளவில் இருக்க வேண்டும். கடையில் பிளக் மாட்ட வைத்திருக்கும் டெஸ்டரால் திருகப் போய் ஒரு ஸ்க்ரூவின் தலையை மழுங்கடித்துவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்து, மொபைல் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பியிடம் சின்ன ஸ்டார் டிரைவர் இரவல் வாங்கினேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தனி ஊர். ஃபேன் வாயில் கறுப்புப் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பு. தெருப் புழுதியும் ஜெராக்ஸ் மெஷினின் டோனர் தூளும் சேர்ந்து திரண்டது. வை-ஃபை அட்டைக்குப் பக்கத்தில் செத்துக் காய்ந்த சித்தெறும்புகள், ஒரு குடும்பமே. வெயில் காலத்தில் இந்த ஃபேன் வாடிப்பட்டி மேளம் மாதிரி முழங்கியதில் ஆச்சரியம் இல்லை. புதுப் பெயின்ட் பிரஷ் ஒன்றை வைத்து, ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தட்டி எடுத்தேன். மெமரிக்காகத் திறந்ததில் கிடைத்த கொசுறு இது. இதற்காகவே வருஷத்துக்கு ஒரு முறை திறக்கலாம்.

மெமரி ஒரு விரல் நீளப் பச்சைத் தகடு. இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை வெளிப்பக்கமாக விலக்கினால் தானாகவே சரிவாக எழும்பி நிற்கும். அப்படியே இழுத்தால் வந்துவிடும். அதன் மேல் லேபிளில் ‘4ஜிபி 1ஆர்×8 பிசி3எல்-12800எஸ்’ என்று இருந்தது. பிசி3 என்றால் டிடிஆர்3 தலைமுறை மெமரி, 12800 என்றால் 1600 வேகம். போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு துண்டுச் சீட்டில் ‘டிடிஆர்3, 1600, லேப்டாப்’ என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். என் தப்பு அந்தச் சீட்டில்தான் தொடங்கியது.

திங்கட்கிழமை மதியம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மதுரை ஆரப்பாளையம் பஸ் ஏறினேன். சமயநல்லூர், பரவை, பாத்திமா காலேஜ் தாண்டி இறங்கி, டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் பழைய லேப்டாப் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். இடுப்பளவு உயரத்துக்குக் கீபோர்டுகள், சார்ஜர் மாலைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் மெமரிகளை ஊதுபத்திக் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

“டிடிஆர்3, எட்டு ஜிபி இருக்காப்பா?”

“லேப்டாப்புக்குத்தானண்ணே? ஸ்பீடு?”

“ஆயிரத்து அறுநூறு.”

“இந்தாங்கண்ணே. பழசுதான், ஆனா சுத்தமா டெஸ்ட் பண்ணது. ஆயிரத்து நூறு. ஆறு மாசம் வாரண்டி. ஸ்டிக்கர மட்டும் கிழிச்சிராதீங்க.”

மாதமும் வருஷமும் அச்சடித்த ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கரை எடுத்து, லேபிளின் மேல் ஓங்கி ஒட்டிக் கொடுத்தான். நல்ல பையன்தான். நான் கேட்டதைக் கொடுத்தான்.

ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டினேன். பொருத்துவது திறப்பதை விடச் சுலபம். தகட்டின் தங்கப் பற்களுக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு. இரண்டையும் நேராக்கி, சரிவாகப் பிடித்து உள்ளே தள்ளி, அப்படியே கீழே அமுக்கினால் இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று கொக்கி பிடிக்கும். டிக் என்றது. பேட்டரி போட்டேன், பவர் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

முதல் தடவை நேரமாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். புது மெமரியோடு பழக போர்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும்தான். ஐந்து நிமிஷம் பார்த்தேன். கறுப்பு. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன், அதன் குட்டி விளக்குக்கூட எரியவில்லை. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் என்கிற பேச்சுக்கே வரவில்லை, அதற்கெல்லாம் முன்னாலேயே எங்கேயோ நின்றுவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு ஒருவர் குழந்தையின் ஆதார் திருத்தத்துக்குப் படிவம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

பயத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒவ்வொன்றாகப் போனேன். புதியதை எடுத்துவிட்டுப் பழையது மட்டும்: அரை நிமிஷம் இருட்டு, பிறகு கம்பெனி லோகோ வந்தது. அப்பாடா, லேப்டாப் சாகவில்லை. பழையதைக் காலி ஸ்லாட்டுக்கு மாற்றினேன்: வந்தது, ஆக இரண்டு ஸ்லாட்டும் நல்லது. புதியது மட்டும், பழையது இருந்த இடத்தில்: கறுப்பு. சந்தேகம் புதிய மெமரி மேல் வந்து நின்றது.

போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த ‘எல்’ கண்ணில் பட்டது. பழையது பிசி3எல். புதியதில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், சரியாக அந்த இடத்தில் வாரண்டி ஸ்டிக்கர் உட்கார்ந்திருக்கிறது! கிழித்தால் வாரண்டி போச்சு. கிழிக்காவிட்டால் விஷயம் தெரியாது. பத்து நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்து, ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்து, கடைசியில் கிழித்தேன். ‘8ஜிபி 2ஆர்×8 பிசி3-12800எஸ்’. எல் இல்லை.

அந்த ‘எல்’ மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே ஓடும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று கொண்டு வந்த மாற்றம். என்னுடைய லேப்டாப்பில் இருப்பது இன்டெல்லின் நாலாவது தலைமுறை மொபைல் புராசசர். அதற்கு எல் வகைதான் வேண்டும். போர்டு 1.35 மட்டுமே கொடுக்கிறது, 1.5 கேட்கும் மெமரி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இதை மாற்றிச் செய்தால் பிரச்சினை இல்லை: எல் மெமரியை 1.5 கொடுக்கும் பழைய போர்டில் போட்டால் பேசாமல் ஓடும். எனவே எது என்று தெரியாவிட்டால் எல் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கொடுமை என்னவென்றால், இரண்டுக்கும் உருவத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டுக்கும் 204 கால் (பின்), வெட்டும் ஒரே இடத்தில். டிடிஆர்2வையோ டிடிஆர்4ஐயோ தப்பாக வாங்கிவந்திருந்தால் ஸ்லாட்டுக்குள்ளேயே போயிருக்காது. முன்னதற்கு 200 கால், பின்னதற்கு 260, வெட்டு இருக்கும் இடமும் வேறு. அந்த வெட்டு தலைமுறைத் தப்பைத் தடுக்கும். எல் தப்பைத் தடுக்காது.

இன்னொன்று, இதைத் தெரிந்துகொள்ள ஸ்டிக்கரைக் கிழித்திருக்கவே வேண்டியதில்லை. நான் வாங்கியது சாம்சங் மெமரி. அதன் நீளமான பாகம் எண் கீழ் வரியில் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அது ‘சிகே0’ என்று முடிந்தால் 1.5 வோல்ட், ‘ஒய்கே0’ என்று முடிந்தால் 1.35. என்னுடையது சிகே0. இது தெரிந்தது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. கிழிந்த ஸ்டிக்கர் என் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மறுபடி ஆரப்பாளையம் பஸ். பையன் மெமரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஸ்டிக்கர் கிழிஞ்சிருச்சேண்ணே” என்றான். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, “அண்ணன் டிடிஆர்3னுதான கேட்டாப்ல?” என்றார். கேட்டது அப்படித்தான், வாதாட ஒன்றும் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எல் வகையை நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். ஆயிரம். இந்த முறை வாங்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஸ்டிக்கரை வெறும் இடத்தில் ஒட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பின்பக்கம் ஒட்டினான்.

வந்து மாட்டினால், லேப்டாப் உடனே எழுந்துகொண்டது. ஆனால் மெமரி 4 ஜிபி என்றே காட்டியது. அடடா என்று மறுபடி திறந்தேன். பார்த்தால் நான் சரியாகத் தள்ளவில்லை. தங்கப் பற்கள் ஒரு நூல் அளவுக்கு மேல் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. கொக்கி பிடித்துவிட்டாலே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அமுக்குவதற்கு முன்னால் உள்ளே தள்ளுவதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய சரக்கு என்பதால் பற்களில் லேசாக மங்கலும் இருந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் அது வேறு தலைவலி, முரட்டு ரப்பர் தங்கப் பூச்சையும் சுரண்டிவிடும். மொபைல் சர்வீஸ் தம்பியிடம் ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) பாட்டில் இருந்தது. துணியில் ஒரு சொட்டு நனைத்து ஒரே திசையில் துடைத்து, காய விட்டு, இரண்டு கட்டை விரலாலும் சமமாகத் தள்ளினேன். பற்கள் ஏறக்குறைய மறைந்தன. அமுக்கினேன். டிக்.

12.0 ஜிபி. பயன்பாட்டுக்கு 11.9. அந்தக் கொசுறுக் குறைவை நினைத்து யாரும் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். போர்டும் கிராபிக்ஸும் தங்களுக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

4உம் 8உம் கலந்து போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஒரே அளவில் இரண்டு இருந்தால் புராசசர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் எடுக்கும். கலந்து போட்டால் 4க்கு 4 ஜோடியாக ஓடும், மிச்சம் 4 ஒற்றை வழியில் ஓடும். விண்ணப்பம் போடுகிற கடையில் அந்த வித்தியாசம் தெரியாது.

ஓடிவிட்டது என்று அப்படியே விட்டுவிடவில்லை. பழைய மெமரி சில சமயம் ஓடும், ஆனால் நடுநடுவே ஒரு எழுத்தை மாற்றி வைத்துவிடும்; அது ஒருவருடைய சான்றிதழ் பிடிஎஃப்பாக இருந்தால் என்ன ஆவது? விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, அதை முதலில் ஓட்டினேன். குறை இல்லை. அப்புறம் மெம்டெஸ்ட்86+ என்கிற மெமரி சோதிக்கும் புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன். விடியற்காலை ஒரு நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. பேட்டரிக்குப் பத்து நிமிஷ ஆயுசு. காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் அணைந்து கிடக்கிறது, எத்தனை சுற்று ஓடியது என்றும் தெரியவில்லை. அடுத்த ராத்திரி மறுபடியும். இந்த முறை இரண்டு முழுச் சுற்று, பிழை பூஜ்யம். ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் மூன்றாவது முறை ஆரப்பாளையம் போயிருப்பேன்.

என்ன மாறியது? முதலில் மாறாததைச் சொல்கிறேன். பட்டனை அழுத்தியதிலிருந்து வேலைக்குத் தயாராகும் வரை முன்பு இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. இப்போது இரண்டரை. அந்தப் பத்து விநாடிக்கு நன்றி, அவ்வளவுதான். காலையில் முதல் தடவை குரோம் திறக்கும் நேரமும் அதேதான். இது இரண்டும் டிஸ்க்கின் வேலை, அதற்கு எஸ்எஸ்டிதான் மருந்து.

மாறியது அதற்கு அப்புறம். அதே காலை நேரத்துச் சுமையைத் திறந்து வைத்தேன். கமிட்டட் கிட்டத்தட்ட பழையபடியே 7, ஆனால் கையில் 12 இருக்கிறது. டிஸ்க் விளக்கு கண் சிமிட்டிவிட்டு அணைகிறது. ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் போன இடத்தில் பக்கம் காத்திருக்கிறது, வெள்ளையாக நிற்பதில்லை. ஓடிபி பெட்டி ஓடிபிக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. அடுத்த கடைசித் தேதி அன்று பதினான்கு டேப் வைத்து வேலை பார்த்தேன், வேண்டுமென்றேதான்.

ஒரு சின்ன வில்லங்கம். சி டிரைவில் மூன்று ஜிபிக்கு மேல் காணாமல் போயிருந்தது. லேப்டாப் ஹைபர்நேட் ஆகும்போது மெமரியில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் ஒரு ஃபைலுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். வழக்கமாக மொத்த மெமரியில் 40 சதவீதம். 4 ஜிபி இருந்தபோது 1.6, இப்போது 4.8. சி டிரைவைக் குறுகலாகப் பிரித்து வைத்திருக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துபோனதும், இந்தப் புராசசர் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லாததும் வேறு கதை; அதற்கு மெமரி மருந்து இல்லை.

அந்த 1.5 வோல்ட் மெமரி மேசை டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில், மூன்று மாசம் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் ஆயிரத்து நூறு ரூபாய் என்னைப் பார்த்து இளிக்கும்.

அப்புறம் ஒரு நாள் எதிர் டீக்கடைக்காரர் ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், ஆரம்ப வருஷங்களில் அவருடைய பெரிய பையனுக்குக் கிடைத்தது. இப்போது நர்சிங் படிக்கும் மகள் அதை எடுத்திருக்கிறாள். “ஒன்னோடதுக்கு என்னமோ போட்டு ஓட வச்சியாமே தம்பி, இதுக்கும் போட்டு விடு” என்றார்.

திறந்து பார்த்தேன். 2 ஜிபி. இரண்டாம் தலைமுறைக் காலத்துப் பென்டியம். லேபிளில் பிசி3, எல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிராயரைத் திறந்து அந்தச் சிகே0வை எடுத்துக் காலி ஸ்லாட்டில் தள்ளினேன். உடனே எழுந்தது, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் 10 ஜிபி என்று காட்டியது. அதில் இருந்த விண்டோஸுக்குள் போனால் மட்டும் பயன்பாட்டுக்கு 2 ஜிபிதான் என்றது. காரணம், அது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் தொடாது. 32 பிட்டில் மட்டுமே வந்தது. அவருடைய மகளைக் கேட்டுக்கொண்டு, அவள் ஃபைல்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதில் 64 பிட் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். பத்து ஜிபியும் தெரிந்தது.

மெமரிக்கு எவ்வளவு என்று கேட்டார். ஐந்நூறு என்றேன். முந்நூறு கொடுத்துவிட்டு, மிச்சத்தை டீயில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதுவரை பதினொரு டீ ஆகியிருக்கிறது. என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள், இட்லித் தட்டுக்கு வாடகையும் சேர்த்து.